பன்னிரண்டு சதவீதமும் என் எம்.எஸ்ஸி.யும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எம்.எஸ்ஸி. கணிதம் என்றால் என்ன என்று அப்பா கேட்டபோது, "கணக்குல இதுக்கு மேல படிப்பு இல்லப்பா" என்றேன். அது சரியான பதில் இல்லை. ஆனால் அவருக்கு அது போதும். ஆவடித் தொழிற்சாலையில் கிடைத்த ஓவர்டைமை எல்லாம் எனக்காகப் பார்த்தார். குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுக்காரர்தான் விடமாட்டார். "பி.காம். சேத்திருந்தா பொண்ணு பேங்க்ல குந்திகினு இருக்கும். இது இன்னா, ஒரே எக்ஸு ஒய்யா கீது!" அப்பா சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

படிப்பு முடிந்ததும் குமணன்சாவடியில், லாரி வாங்கக் கடன் கொடுக்கும் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார் மேனேஜர். முதல் வாரமே எனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்துபோயிற்று. பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்பதையே பக்கத்து மேசை அக்காதான் சொல்லிக்கொடுத்தார். அவர் பி.காம். "டோபாலஜி எல்லாம் படிச்சியாமே, இந்த வவுச்சரை எங்க போடறதுன்னு அதுல வரலையா?" என்று கேட்டுக்கொண்டே டிபன் டப்பாவை என் பக்கம் தள்ளுவார். வேலை நிலைக்காவிட்டால் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம், வீடு திரும்பும் பேருந்தில் தினமும் கூடவே வந்தது.

கம்பெனி வட்டி பன்னிரண்டு சதவீதம். முழு அசலுக்கும் மூன்று வருட வட்டியைச் சேர்த்து, மாதத் தவணைகளாகப் பிரித்துவிடுவார்கள். ஆனால் கடன்காரர் மாதாமாதம் அசலையும் திருப்பிக்கொண்டுதானே வருகிறார்? அவர் கையில் இல்லாத பணத்துக்கும் வட்டி. உண்மை வட்டியை நேராகக் கண்டுபிடிக்கச் சூத்திரம் கிடையாது. உத்தேசமாக ஒன்றை வைத்து, வரும் பிழையைக் கொண்டு அதைத் திருத்தி, மறுபடி திருத்தி நெருங்க வேண்டும். கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க அதைத்தான் செய்திருந்தோம். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்தேன். இருபத்தொன்றைத் தாண்டியது.

தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு. விடை வந்தால் உரக்கச் சொல்லிவிடுவதுதான் வகுப்பில் பழகிய பழக்கம். கவுன்டருக்கு வந்த ஒரு லாரிக்காரர் "வட்டி பன்னெண்டுதானேம்மா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன்.

"இன்னாது, இருபத்தொண்ணா? ஏமாந்த சோணகிரின்னு நெனச்சீங்களா?" அவர் போட்ட சத்தத்தில் மேனேஜர் வெளியே ஓடிவந்தார். லாரிக்காரர் போன பிறகு மேனேஜர் என்னிடம், "உனக்குச் சம்பளம் நாங்க தர்றோமா, அவன் தர்றானா? நாளைக்கு வந்து, சேரும்போது குடுத்த சர்ட்டிபிகேட்டை வாங்கிட்டுப் போயிடு" என்றார்.

அப்பாவிடம் சொல்லவில்லை. மறுநாள் போனபோது அதே லாரிக்காரர் மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சாலையிலிருந்த மற்ற கம்பெனிகளிலும் ஏறி இறங்கியிருக்கிறார்.

"ஒருத்தன் பதினொண்ணுன்றான், ஆனா டாக்குமென்ட் சார்ஜுன்னு தனியா கேக்கறான். இன்னொருத்தன் மொத மூணு மாசத்து டியூவ முன்னாடியே குட்றுன்றான். நெசமா எவ்ளோன்னு கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்கல. இந்தப் பொண்ணுதான் தொறந்துச்சு. எம்மா, அதுங்களுக்கும் போட்டுச் சொல்லு."

மேனேஜர் கால்குலேட்டரை என் பக்கம் நகர்த்தினார். போட்டேன். என் நல்ல நேரம், அவை இரண்டும் எங்கள் வட்டியைவிட அதிகமாக வந்தன. லாரிக்காரர் எங்களிடமே கடன் வாங்கினார்.

"இனிமே கவுன்டர் பக்கம் போகாதே," என்றார் மேனேஜர். "உள்ள உக்காந்து அடுத்தவன் ரேட்டை எல்லாம் எனக்குப் போட்டுக் குடு." அக்கா தன் மேசையில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

கணிதத்தில் மேல்படிப்பு பைனான்ஸ் வேலைக்கு உதவுமா என்று இப்போது என்னைக் கேட்கிறார்கள். நான் படித்ததில் பெரும்பகுதி அந்த அலுவலகத்துக்குள் நுழையவே இல்லை. நுழைந்தது ஒரே ஒரு பாடம். கணக்குப்பதிவை அக்காவிடமிருந்துதான் கற்றேன். அந்த நன்றி தனி.

வேலை நிரந்தரமான அன்று எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்போ படிச்சது ஒதவுச்சா?"

"ஒரு பாடம் உதவுச்சுப்பா. மத்தது எதுவும் இன்னும் வேலைக்கு வரல."

"மத்தது படிக்கசொல்ல உனுக்குப் புடிச்சிருந்துச்சு இல்ல?"

"ரொம்பப்பா."

"அப்புறம் இன்னா?" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.