தறிச் சத்தத்தில் தயாரித்த பாடம்

"முதல் வார வெள்ளிக்கிழமை நான் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவேன். அப்புறம் பார்க்கலாம்" என்றார் துறைத் தலைவர். மேசைமேல் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வேறு காகிதத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் கும்பிட்டதை அவர் கவனித்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

அது தற்காலிக வேலை. பொருளாதாரத் துறையில் ஒருவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். புகுமுக வகுப்பின் தமிழ்வழிப் பிரிவுக்கு ஆள் இல்லை. ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்களுக்கு அந்தக் காலத்தில் தமிழில் பொருளாதாரம் நடத்த ஒரு கூச்சம் இருந்தது. என் நிலைமையில் கூச்சத்துக்கு இடமில்லை. முதல் வாரப் பாடம் அவருக்குப் பிடித்தால் வேலை தொடரும். பிடிக்காவிட்டால் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

இதற்காக நான் கைக்கு வந்த தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலையை விட்டிருந்தேன். அந்த வேலைக்கான உத்தரவு வந்த அன்று அப்பா அதை முசரவாக்கம் டீக்கடைவரை எடுத்துப் போய், தனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் எல்லாருக்கும் விரித்துக் காட்டினார். வேண்டாம் என்று நான் எழுதிப்போட்டது தெரிந்தபோது அவர் கத்தவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து நின்றார்.

"காலேஜ்ல எத்தினி நாளிக்கி வச்சிக்குவாங்க?"

"மொத வாரம் பாத்துட்டுச் சொல்றேன்னாங்க."

"ஏர்ல பூட்டிப் பாக்கறதுக்கு மாட்ட இட்டுக்கினு போவாங்க. சரிப்படலன்னா திருப்பி ஓட்டியாந்து கட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார். "மாட்டுக்குன்னா கொட்டாயி இருக்குது. உனக்கு இன்னாடா இருக்குது?"

மறுநாள் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் வந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டில் அறை கிடைத்தது. முன்கட்டில் மூன்று தறிகள். வீட்டுக்காரரும் அவருடைய தம்பிகள் இருவரும் விடிந்தால் தறிக்குழியில் இறங்குவார்கள். வீட்டுக்கார அம்மாவை அக்கா என்று கூப்பிட்டேன். அறையைத் திறந்து காட்டும்போதே அவர் சொன்னார்: "நாள் முச்சூடும் சத்தம் இருக்கும்பா. படிக்கிற புள்ளைக்கி ஆவுமா?"

"பரவால்லக்கா."

கல்லூரி திறக்கும்வரை அந்த அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. தமிழ்ப் பாடநூல் இன்னும் வந்து சேரவில்லை. நூலகத்து ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்துத் தமிழில் எழுதினேன். பொருளாதாரம் என்றால் என்ன, விருப்பங்கள், பயன்பாடு, அப்புறம் வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்த குறைந்து செல் பயன்பாட்டு விதி. ஒரு பொருளைத் தொடர்ந்து நுகர நுகர அடுத்தடுத்துக் கிடைக்கும் திருப்தி குறையும் என்பது அந்த விதி. புத்தகத்தில் ஆரஞ்சுப் பழத்தை வைத்து விளக்கியிருந்தார்கள். நானும் ஆரஞ்சையே எழுதினேன். 'மாணவர்களே' என்ற சொல் உட்பட எல்லாவற்றையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதி மனப்பாடம் செய்தேன். எனக்குத் தெரிந்த படிப்பு அதுதான். பரீட்சைகளை எல்லாம் அப்படித்தான் தாண்டி வந்திருந்தேன்.

ஒப்பித்துப் பார்க்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். தனியாக நின்று காலி அறைக்கு 'மாணவர்களே' என்று சொல்வதை யாராவது கேட்டால் மானம் போய்விடும். தறி நின்றுவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாலும் இந்தப் பக்கம் கேட்கும் வீடு அது. அதனால் தறி ஓடும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, கதவின் பின்பக்கத்தையே கரும்பலகையாக்கிப் பாடம் நடத்தினேன். மூன்று தறியின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது என்ற தைரியம். எனக்கே கேட்காது என்பதால் குரலை ஏற்றினேன். நாள் போகப் போக இன்னும் ஏறியது. அது எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் "மாணவர்களே!" என்றதும் ஜன்னல் மேலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. முதல் பெஞ்சுப் பையன் பின்னால் சாய்ந்தான். நிறுத்த முடியவில்லை. மனப்பாடம் செய்த வாக்கியங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அதே குரலில் வந்தன.

"சார், நாங்கல்லாம் இங்கியேதான் சார் இருக்கிறோம்" என்றான் ஒருவன்.

பின்னாலிருந்து இன்னொருவன், "சார் ஊட்ல எத்தினி தறி சார் ஓடுது?"

வகுப்பே குலுங்கியது. பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். பஸ்ஸில் ஒருவர் இரைந்து பேசினாலே 'தறிக்காரரா?' என்று கேட்கிற ஊர். அவர்களுக்குத் தெரியாதா? சிரிப்பு அடங்குவதற்குள் பியூன் வந்து நின்றார்.

"பக்கத்து கிளாஸ் சார் கேட்டுக்கினு வரச் சொன்னாரு. ரெண்டு கிளாசுக்கும் சேத்தா எடுக்கறீங்கன்னு."

செவ்வாய்க்கிழமை குரலைத் தணித்தேன். தணித்ததும் பாடம் போய்விட்டது. ஒவ்வொரு வாக்கியமும் தறியின் அடியோடு சேர்ந்து பதிந்திருந்தது போலும். அந்தச் சத்தமும் கத்தலும் இல்லாமல் அடுத்த வரி வரவே இல்லை. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்த வருகைப் பதிவைத் திரும்பவும் எடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். இதைவிட முந்தைய நாள் சிரிப்பே மேல் என்றிருந்தது.

புதன்கிழமை எழுதிவைத்ததைப் பார்த்து வாசித்து மணி அடிக்கும்வரை ஓட்டினேன். சாயங்காலம் செவிலிமேட்டுப் பக்கம் போய்ப் பாலாற்று மணலில் நின்று பேசிப் பார்த்தேன். காற்று சொல்லை அடித்துக்கொண்டு போனது. பழைய குரல் தானாக ஏறிவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"யாரைப்பா கூப்புடறே? அங்க யாரும் இல்லியே!"

வியாழக்கிழமை அந்தப் பிரிவுக்கு என் பாடம் கிடையாது. மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து வாயைத் திறக்காமல் அறையில் உட்கார்ந்திருந்தேன். குமாஸ்தா வேலைக்கு இதற்குள் வேறொருவன் போய் உட்கார்ந்திருப்பான். பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த டீக்கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், வேறு வழி கிடையாது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் தறிகள் நின்றன. சாப்பிட்டுவிட்டு வீட்டுக்காரர் நடையில் துண்டை விரித்துப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. குடிக்கத் தண்ணீர் எடுக்க வெளியே வந்தேன். அக்கா முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, இன்னிக்கி உன் சத்தத்தையே காணோம்?"

"உங்களுக்குக் கேட்டுதா?"

"கேக்காம? தறியோடவே பொறந்து வளந்த காது. அதுக்கு மேல இன்னா பேசினாலும் கேக்கும். நீ வந்ததுலேர்ந்து கேட்டுக்கினுதான இருக்கிறோம்."

"ஐயோ, அக்கா!"

"மெதுவாப்பா!" குறட்டை ஒரு கணம் நின்று தொடர்ந்தது. "அவரு தூக்கத்துல எழுப்பினா சாயங்காலம் வரிக்கும் மூஞ்சிய தூக்கி வச்சிக்குவாரு. அது கெடக்கட்டும், ஆரஞ்சிப் பழம் ஆரஞ்சிப் பழம்னு கத்தறியே, அது இன்னா கதை?"

தப்பிக்க வழியில்லை. வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் தொடங்கினேன். மனப்பாடம் செய்த வரி ஒன்றும் வரவில்லை. ஆரஞ்சு எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் அவ்வளவாக வராத பழம். அப்போதுதான் வைகாசித் திருவிழா முடிந்திருந்தது. அதனால் தண்ணீர்ப்பந்தலைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் சாமி பின்னால் நடக்கிறோம், முதல் பந்தலில் கொடுக்கிற மோர் அமிர்தம். அடுத்த பந்தலிலும் வாங்கிக் குடிக்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கடுத்ததில் அவர்கள் கூப்பிடுகிறார்களே என்று பாதி. அப்புறம்...

"அப்பறம் மூஞ்சியத் திருப்பிக்கினு அந்தாண்ட ஓரமா போவோம்" என்றார் அக்கா. "அதே மோருதான்."

"அதேதான்கா! அதுக்குப் பேருதான்..."

வீட்டுக்காரரின் கால் அசைந்தது. அக்கா உதட்டில் விரல் வைத்தார். நான் குரலை இறக்கி விதியைச் சொல்லி முடித்தேன். அவர் முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"இதுக்கா காலேஜி?"

வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் சொன்னபடியே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பையன்கள் விறைத்துப்போனார்கள். எழுதி வைத்ததை நான் கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருந்தால் பார்த்திருப்பேன். பந்தலிலிருந்து தொடங்கினேன்.

பாதிப் பாடத்தில் பார்த்தால் அவர் கண்ணை மூடியிருந்தார். தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டாரா? என் பாடம் அவ்வளவுதானா? குரல் எகிறப் பார்த்தது. நடையில் படுத்திருந்த வீட்டுக்காரரின் கால் ஞாபகம் வந்தது. தணிந்த குரலிலேயே போனேன். திங்கட்கிழமை 'எத்தினி தறி' என்று கேட்ட பையன் எழுந்தான்.

"சார், எங்க தெருப் பந்தல்ல மோரு முடிஞ்சி பானகம் குடுத்தாங்க. திரும்பவும் குடிச்சோமே?"

இது நான் தயாரிக்காதது. "அது வேற பொருள்பா. கணக்கு மறுபடி மொதல்லேர்ந்து" என்றேன். அவன் தலையாட்டி உட்கார்ந்தான்.

மணி அடித்தது. துறைத் தலைவர் கண்ணைத் திறந்தார். எல்லாரும் போகும்வரை இருந்துவிட்டு மெதுவாக என் பக்கம் வந்தார்.

"திங்கட்கிழமை உங்க பாடம் என் ரூமுக்கே வந்துடுச்சு. இங்க வந்து உட்கார வேண்டிய அவசியமே இல்லைன்னு நெனச்சேன்."

நான் சாக்பீஸை மேசைமேல் வைத்தேன்.

"அடுத்த வாரம் என்ன எடுக்கப் போறீங்க?"

அந்தக் கேள்வி எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "தேவை விதி, சார்" என்றேன். அதில் ஒரு வரி கூட எழுதியிருக்கவில்லை. முதல் வாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வாரம் உண்டு என்றே நான் நினைத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மூன்று தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா நூல் சுற்றுவதை நிறுத்தாமல் நிமிர்ந்து, என்ன ஆச்சு என்று தலையால் கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

"இன்னாது? ஒண்ணும் கேக்கலியே! கத்திச் சொல்லுப்பா, நல்லாத்தான கத்துவே!"

கத்தினேன். சேதி கேட்க முதலில் நின்றது வீட்டுக்காரருடைய தறிதான்.