மாடு சப்பிய சட்டை

பதினொரு வயதில், ஊரார் தங்கள் வேலைவெட்டியை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் என்னைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள் என்று நம்பியிருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், நாற்பது தாண்டியும் அந்த நம்பிக்கை முற்றாகப் போகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் சவர்க்காரம் வருவது நின்றுபோயிருந்தது. நீர்வேலியில் எங்கள் வீட்டில் பனம்பழக் களியைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். அழுக்குப் போகும், வாசம் போகாது. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கு முதல்நாள், கொடியில் காய்ந்த என் ஒரேயொரு வெள்ளைச் சட்டையைப் பக்கத்து வீட்டு மாடு பனம்பழம் என்றே நம்பி முதுகுப்பக்கத்தைச் சப்பித் தின்றுவிட்டது.

அம்மா பழைய வேட்டியைக் கிழித்து ஒட்டுப்போட்டுத் தந்தா. பழுப்பு நிறம், ஒரு சாண் அகலம்.

"ஆரடா உன்ரை முதுகைப் பாக்கினம்? வாயைத்தான் பாப்பினம்," என்றார் அப்பா.

முதலாவதாக வருபவரை நகரத்தில் நடக்கும் அடுத்த போட்டிக்கு அனுப்புவார்கள். அதற்காக ஒரு மாதம் தோட்டத்து வாழைகளுக்கு முன்னால் முழங்கியிருந்தேன். வாழைகள் குறை சொல்லவில்லை.

மேடைப்படி ஏறும்போது மண்டபம் முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஏறித் திரும்பினேன். முன்வரிசை ரீச்சர் வாயைப் பொத்தினா: ஒட்டுக்குத்தான். கடைசி வரிசை வாங்கில் இருந்த ஒருவன் இருமினான்: அதுவும் ஒட்டுக்குத்தான். இப்படி ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் என் மண்டையிலிருந்த பேச்சு காணாமல்போயிற்று. "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்று மூன்றுதரம் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நடந்தே இறங்கினேன்.

நடுவர் நெகிழ்ந்துபோனார். "சபைக்கு முதுகு காட்டாத பணிவான பிள்ளை," என்று எழும்பி நின்று சொன்னார். பணிவுக்குப் பரிசு வைத்திருக்கவில்லை. நகரத்துக்கு வேறொருவன் போனான்.

ஒரு கிழமையாக ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் பொறுக்கமுடியாமல், வகுப்பில் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டேன்.

"அண்டைக்கு என்ரை முதுகைப் பாத்து எல்லாரும் சிரிச்சவையோ?"

"முதுகோ? நான் அண்டைக்கு அக்காவின்ரை செருப்பைப் போட்டுக்கொண்டெல்லோ வந்தனான். பூப்போட்ட செருப்பு. பள்ளிக்கூடம் முழுக்க என்ரை காலைத்தான் பாத்துக்கொண்டிருந்தது."

இவனுக்கு எவ்வளவு தலைக்கனம், இவன் செருப்பை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று மனதுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் பாதி எனக்கும் உரியது என்று அப்போது விளங்கவில்லை.

அவன் குனிந்து தன் காலை ஒருதரம் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"நீயும் பேசினனியோ, மச்சான்?"