கிளி திரும்பிய பாக்கெட்

நாவலூர் அலுவலகத்தில் எங்கள் கம்பெனி டீத்தூளின் புது பாக்கெட்டை என் ஒப்புதலுக்காக மேசைமேல் வைத்தார்கள். அதில் கிளிப் படம் இல்லை. குண்டுச் சிவப்பு எழுத்து ஊசியாக இளைத்திருந்தது. ஒப்பிடப் பக்கத்தில் வைத்திருந்த பழைய பாக்கெட்டிலிருந்து டீத்தூள் வாசனை வந்ததும், நான் செங்கல்பட்டில் எங்கள் வீட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நடவு வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பச்சைக் காகிதமும் குண்டு எழுத்தும் இடப்பக்கம் பார்க்கும் கிளியும்தான் அவளுக்கு இந்த டீத்தூளின் பெயர். ஒருமுறை கம்பெனி கிளியை வலப்பக்கம் திருப்பிவிட்டது.

"இன்னா அண்ணாத்த, டூப்ளிகேட்ட தலைல கட்டுற? எங்க கிளி இந்தாண்டதானே பாக்கும்?" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டாள்.

அடுத்த கடையில் பழைய கிளி தொங்கியது. அதை வாங்கி வந்தாள். உண்மையில் அதுதான் போலி. டீ சப்பென்று இருந்தது. ஆனால் கிளியைச் சந்தேகிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை, பால்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணிய ஊத்திகினு வந்து பாலுன்றியா?"

அம்மா பேச்சை நம்பித் தெருவே அவரிடம் பால் வாங்குவதை நிறுத்தியது. கம்பெனி ஆள் வந்து போலியைக் காட்டிக்கொடுத்த பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியது. கிளியும் பழையபடி திரும்பியது.

"கிளியையெல்லாம் இப்ப யாரு மேடம் பாக்குறாங்க?" என்றார் மேசைக்கு எதிரே இருந்த மேலாளர்.

புது பாக்கெட்டை அவர் பக்கமே தள்ளினேன்.

"ஒரு தடவ திருப்பினதுக்கே எங்க பால்காரர் மாட்ட வித்துட்டாரு சார். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."