கை நீளம்

சரவணைக் கிராமத்தில் எங்கள் வீட்டுக்குச் சின்னம்மாவின் மகள் வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பன்னிரண்டு. சின்னம்மா முன்பே காலமாகிவிட்டார். கொழும்பில் நடந்த கலவரத்தில் சித்தப்பாவின் கடையும் எரிந்துபோனது. மகளைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டு, மிச்சம் ஏதும் இருக்கிறதா பார்த்து வருகிறேன் என்று திரும்பிப் போனவரிடமிருந்து இரண்டு மாதமாகியும் கடிதம் வரவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மனதில் உறைத்தது ஒன்றுதான். அவளுக்கு இங்கிலீஷ் பேசத் தெரிந்திருந்தது.

வந்த மறுநாள் காலையிலேயே குசினி வாசலில் போய் நின்றாள். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"கான் ஐ லென்ட் எ ஹான்ட், பெரியம்மா?"

அம்மா ஒன்றும் விளங்காமல் ஐயாவைப் பார்த்தார். ஐயா ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் கிளார்க். இங்கிலீஷ் என்றால் அவருக்கு உயிர்.

"கை குடுக்கட்டோ எண்டு கேக்கிறாள். உதவி செய்யட்டோ எண்டுறதை அவங்கள் அப்பிடித்தான் சொல்லுவாங்கள். என்ன வடிவான பாஷை பாத்தீரே!"

அன்று பின்னேரமே ஐயா ஒரு பழைய கொப்பியை எடுத்து அந்த வசனத்தை எழுதிவைத்தார். பிறகு அது தினசரி வழக்கமாயிற்று. 'பிட்ச் இன்' என்றால் எல்லாருடனும் சேர்ந்து வேலையில் இறங்குவது. 'டூ மை பிட்' என்றால் என் பங்கைச் செய்வது. ஒருநாள் வண்டில் சில்லில் தோளை வைப்பது பற்றி ஒன்று சொன்னாள். முழுமூச்சாகப் பாடுபடுவதற்கு அப்படிச் சொல்வார்களாம். ஐயா அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எங்கள் வண்டில் சேற்றில் புதைந்தபோதெல்லாம் நான் உண்மையாகவே சில்லில் தோளை வைத்துத் தள்ளியிருக்கிறேன். சட்டையெல்லாம் சேறு என்று அம்மாவிடம் பேச்சு வாங்கியதுதான் மிச்சம்.

கோயிலடிக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்தது நான். ஆட்டுக்குக் குழை ஒடித்தது, விழுந்த காவோலையை இழுத்துவந்து அடுக்கியது எல்லாம் நான். கை கொடுக்கட்டுமா என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்காமல் செய்த வேலைக்கு எந்தப் பாஷையிலும் பெயர் இருக்கவில்லை. நானும் ஒருநாள் துணிந்து, "லென்ட் ஹான்ட்" என்று ஐயாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நடுவிலை ஒரு 'எ' விட்டுப்போச்சு. அக்காவிட்டைக் கேட்டுப் பழகு" என்றார்.

அவளைப் பார்த்தாலே வயிறு எரியத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

பிறகு வேலி அடைக்கும் நாள் வந்தது. அது சாதாரண வேலியல்ல. எல்லையில் நின்ற வேலிக் கதியால்களைப் பக்கத்து வீட்டு மாமா ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று அதற்கு இரண்டு வருஷம் முன்பு பெரிய சண்டை. இரண்டு வீடும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, ஐயா மெல்ல மெல்ல சமாதானம் செய்து, அந்த வருஷம்தான் பொது வேலியைச் சேர்ந்து அடைக்க மாமா சம்மதித்திருந்தார். பனையோலை வேலிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். அந்தப் பக்கம் நிற்பவர் கயிறு கோத்த குத்தூசியை ஓலைக்குள்ளால் குத்திவிட, இந்தப் பக்கம் நிற்பவர் வாங்கி, வரிந்து இழுத்து, திருப்பிக் குத்தி அனுப்பவேண்டும். எந்த வேலி அடைத்தாலும் உள்பக்கம் நிற்பது நான்தான். ஏழு வயதிலிருந்து அது என் இடம்.

அன்று காலை அவள் ஐயாவிடம் போய், "ஷல் ஐ டூ மை பிட், பெரியப்பா?" என்று கேட்டாள்.

"நீ தள்ளி நில். அக்கா பழகட்டும்" என்று ஐயா என் கையிலிருந்த குத்தூசியை வாங்கி அவளிடம் கொடுத்தார்.

பாதி வேலி முடிந்து தேநீர் குடிக்க எல்லாரும் ஓய்ந்த நேரம். அவள் மாமாவுக்குத் தேநீர் கொண்டுபோகுமுன் என்னிடம் வந்தாள்.

"மாமா எவ்வளவு உதவி செய்யிறார். தமிழிலை கையை வைச்சு ஏதும் சொல்லி மெச்சுவினமோ?"

"'உங்களுக்கு நல்ல கை நீளம்' எண்டு சொல்லுங்கோ."

களவெடுப்பவரைத்தான் எங்கள் ஊரில் கை நீளம் என்பார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். வேலிச் சண்டையில் அம்மா மாமாவைத் திட்டிய சொல்லே அதுதான்.

அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டி, சிரித்த முகத்தோடு சொன்னாள். மாமா கோப்பையை வாங்கவில்லை. ஐயாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை தன்பாட்டிலை சொல்லாது, தம்பி. வீட்டிலை கதைக்கிறதைத்தான் சொல்லும்."

ஐயா, "அண்ணை, அண்ணை" என்று பின்னால் போனார். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. பாதி வேலி திறந்தபடி நின்றது.

திரும்பி வந்த ஐயாவின் முகம் கறுத்திருந்தது. "ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது?"

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். நான் குனிந்து ஓலைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"ஒருத்தரும் இல்லை, பெரியப்பா. நான்தான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன்."

"நல்லாய்த்தான் கை குடுத்தாய்" என்று சொல்லிவிட்டு ஐயா உள்ளே போய்விட்டார்.

அன்று பின்னேரம் கொப்பி திறக்கப்படவில்லை. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் விடிந்தபோது அவளைக் காணவில்லை. அம்மா பதறி வளவெல்லாம் தேடினார். பார்த்தால் அவள் வேலியடியில் தனியாக நிற்கிறாள். இந்தப் பக்கம் நின்று குத்தூசியைக் குத்திவிடுவாள். பிறகு அடைக்காத இடைவெளியால் சுற்றி மாமாவின் வளவுக்குள் போய், அதை இழுத்து, திருப்பிக் குத்திவிட்டு, மறுபடி சுற்றி எங்கள் பக்கம் வருவாள். இரண்டு ஆள் வேலையை ஓர் ஆளாகச் செய்துகொண்டிருந்தாள். கட்டுகள் தளர்ந்து, ஓலைகள் கோணலாக நின்றன. மாமா தன் விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஐந்தாவது தரமோ ஆறாவது தரமோ சுற்றி வந்தபோது, அவர் மெல்ல வந்து மறுபக்கம் நின்று குத்தூசியைப் பிடித்தார். மத்தியானத்துக்குள் வேலி முடிந்தது.

ஐயா அந்தக் கதையைத் தபாற்கந்தோரில் எத்தனை நாள் சொல்லியிருப்பார் என்று தெரியாது. முன்பு இங்கிலீஷ் மட்டும்தான் அவளுடையதாக இருந்தது. இப்போது வேலியும் அவளுடையதாகிவிட்டது.

அவளுடைய உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துக் கொப்பளித்திருந்தன. அம்மா என்னைத்தான் எண்ணெய் பூசிவிடச் சொன்னார். பூசிக்கொண்டே கேட்டேன்.

"ஏன் நான் சொல்லித் தந்தனான் எண்டு சொல்லேல்லை?"

அவள் கையை இழுக்காமல், குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "உன்னைக் காட்டிக் குடுத்துப்போட்டு நான் இந்த வீட்டிலை இருக்க ஏலுமே?"

ஏலாவிட்டால் போகவேண்டியதுதானே, ஆர் மறித்தது என்று நினைத்தேன். எண்ணெய்ச் சிரட்டையை அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனேன். போவதென்றால் போவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.