மிதி வைத்தியம்

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனாலும் ரொம்ப வருஷமாக வைத்தியம் பார்த்திருக்கிறேன். அதற்கு எனக்கிருந்த ஒரே தகுதி, அம்மா வயிற்றிலிருந்து வரும்போது தலைக்குப் பதிலாகக் காலை முதலில் நீட்டியதுதான். காலால் பிறந்தவன் மிதித்தால் பிடிப்பு விடும், சுளுக்கு போகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ஊர் அதைப் பாதி நம்பியது. நான் முழுசாக நம்பினேன். என் முட்டாள்தனம் எவ்வளவு என்பதற்கு இது போதும்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை எனக்கு. சீசனில் பாறையில் யாராவது வழுக்கி விழாத நாள் கிடையாது. ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார், இன்னொருவர் நொண்டிக்கொண்டு வருவார். ரிசப்ஷன் பக்கத்திலேயே பாயை விரித்துக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, வலது குதிகாலால் மேலிருந்து கீழே மூன்று தடவை நீவுவேன்.

"பீஸ் எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்பார்கள்.

"காலுக்குக் காசு வாங்குனா பவர் போயிரும். டீ வேணா வாங்கிக் குடுங்க, அது வாய்க்குல்லா போவுது" என்பேன். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.

பாதிப் பேருக்கு மறுநாள் வலி போய்விடும். அது தானாகவே போகிற வலி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மீதிப் பேர் அறையைக் காலி செய்து ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் கதி என்ன ஆயிற்று என்று நான் கேட்டதில்லை. ஒரு வைத்தியனுக்கு இதைவிட வசதியான நோயாளிகள் கிடைக்க மாட்டார்கள்.

என் மகள் ஊருக்குப் போய்விடுகிற நோயாளி இல்லை.

அவள் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸாகி, உடல்தகுதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். எங்கள் சொந்தத்தில் காக்கி போட்ட ஆண்கள் நிறைய உண்டு, பெண் ஒருத்திகூட இல்லை. அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது தாண்டிவிடும்.

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில்தான் முதலில் ஓடினாள். சாரல் பிடித்ததும் அது சேறாகிவிட்டது. தார் ரோட்டுக்கு மாறினாள். ஷூ அடிப்பக்கம் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. புதுசு வேண்டும் என்று கேட்டபோது, "நாங்கள்லாம் வெறுங்கால்ல ஓடுனவங்கட்டி" என்றேன். நான் வாழ்க்கையில் ஓடியதே கிடையாது, பஸ்ஸைப் பிடிக்கக்கூட. ஓடுவதற்கு முன்னால் உடம்பைத் தயார் பண்ண அவள் வாசலில் குனிந்து நிமிர்வாள். "என்னட்டி, கம்மலத் தொலைச்சிட்டியா?" என்பேன். அவளுக்கு வெட்கமாகிவிடும். குனிந்து நிமிராமலே கிளம்பிவிடுவாள். ஓடுகிற தூரத்தை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கியதும் என் யோசனைதான்.

ஒருநாள் காலையில் நொண்டிக்கொண்டே வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, மொழங்காலுக்குக் கீழ, முன்னெலும்புல வலிக்கி."

"பிடிப்பா இருக்கும். கால நீட்டு, மிதிச்சு விடுதேன்."

"பிடிப்பு மாதிரி இல்லப்பா. இந்தா, இந்த ஒரு இடந்தான். வெரல வச்சாலே உசுரு போவுது. ஓடும்போது மட்டுமில்ல, சும்மா படுத்திருந்தாலும் வலிக்கி."

"போலீஸ்காரிக்குக் கால் வலிச்சா திருடனுக்குல்லா கொண்டாட்டம்!"

பக்கத்து வீட்டுக்காரர் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆள் இருந்தால் என் வாய் நிற்காது. அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், அப்பா பேச்சுக்கு மரியாதையாக. நான் எண்ணெயைச் சுடவைத்துத் தடவி, அவள் காட்டிய அதே இடத்தில் குதிகாலை வைத்து அழுத்தி நீவினேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"வலி வெளிய போவுது" என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

மறுநாள் வீங்கியிருந்தது. போனில் எதையோ பார்த்துவிட்டு ஐஸ் வைக்கப் போனாள். "சாரல் நேரத்துல ஐஸா? சளி பிடிக்கும்ட்டி" என்று பிடுங்கி வைத்தேன். என் மனைவி, "தென்காசில எலும்பு டாக்டர்ட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவோம்" என்றாள்.

"அவரு என்ன சொல்லப் போறாரு? ஓடாதன்னு சொல்லுவாரு. ஓடாம இருக்கதுக்கா இவ்வளவு பாடு?"

இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே பயந்தேன். டாக்டர் வாயிலிருந்து ரெஸ்ட் என்று ஒரு வார்த்தை வந்தால் வேலை போச்சு என்று நினைத்தேன். தேர்வுக்கு அப்போது இன்னும் மூன்று மாதம் இருந்தது.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களிடம் நல்ல எண்ணெயாகக் கேட்டு வாங்கி வந்தேன். காலையில் தார் ரோடு, சாயங்காலம் என் குதிகால். வலி சில நாள் குறைந்த மாதிரி இருக்கும், பிறகு கூடும். கடைசியில் அந்தக் காலை மட்டும் ஊன்றிக் குதிக்க முடியவில்லை என்றாள்.

"ரெண்டு காலாலதான ஓடப் போற?" என்றேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

தேர்வு திருநெல்வேலியில். பெற்றவர்களை உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அப்பாமார்களெல்லாம் பதற்றத்தோடு நின்றோம். அவர்களை நான் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே விசில் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது. இரண்டு பெண் போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். இரண்டு பக்கமும் காக்கி, நடுவில் என் மகள். கடைசி வளைவில் விழுந்துவிட்டாளாம். எழுந்து ஓடப் பார்த்து மறுபடியும் விழுந்தாளாம்.

"படக்குனு சத்தம் கேட்டுச்சுப்பா" என்றாள்.

தென்காசி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "ஆரம்பத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல்தான் இருந்திருக்கும். வெரல் வச்ச ஒரே எடத்துல வலி, படுத்திருந்தாலும் வலின்னா அது சுளுக்கு இல்ல, எலும்பு. அப்பவே வந்து கொஞ்ச வாரம் ஓடாம இருந்திருந்தா தானா கூடியிருக்கும். பெறகு மெள்ள மெள்ள ஓடிப் பழகி டெஸ்டுக்கும் போயிருக்கலாம். இப்ப முழுசா ஒடைஞ்சிருக்கு." காலில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாரு இதப் போட்டுத் தேச்சது?" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் என் காலைப் பார்த்தேன். அது செருப்புக்குள் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது.

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி தாராளமாக ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓடுவதற்குத்தான் எந்த இடமும் இல்லை. வயது தாண்டிவிட்டது. தென்காசியில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குப் போகிறாள்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"நான் அத விட்டுட்டேன் அண்ணாச்சி. டாக்டர்ட்ட போங்க."

"ஒம்ம மகளுக்குக் கேக்கலன்னா எனக்குமா கேக்காது? அவ நேரம் அப்படி. சும்மா மிதியும்வே."

மகள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அவர் முனகிக்கொண்டே போனதும், எதையாவது சொல்லி அதை மூட வேண்டும் போல் இருந்தது எனக்கு.

"நல்லதுக்குத்தான்ட்டி. போலீஸ்ல சேந்திருந்தா சீசன்ல அருவிக்கரையில நனைஞ்சுக்கிட்டுல்லா நிக்கணும். இப்பம் பாரு, ஏசில உக்காந்து ராணி மாதிரி போன் விக்க."

அவள் சொம்பில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"வலிக்கின்னு சொன்னப்பயும் சிரிப்பு காட்டுனிய, இப்பமும் சிரிப்பு காட்டுதிய. ஒங்களுக்கு வாய மூடவே தெரியாதாப்பா?"