மரம் அண்ணனுக்கு, கொடி எனக்கு

எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலா மரம் நிற்கிறது. பாகம் பிரித்த அன்று ஊர்ப் பெரியவர்கள் அதன் நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நிலம், மாடு, அண்டா, குண்டா எல்லாவற்றையும் பிரித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே மரம் மிச்சமிருக்கிறது. சோற்றுக்கு நேரமாகிவிட்டது. மரம் மூத்தவனுக்கு, அதில் ஏறியிருக்கிற மிளகுக் கொடி இளையவனுக்கு என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்கள். எங்கள் மலையில், இந்த வளப்பூர் நாட்டில் இதைவிடக் கோளாறான தீர்ப்பை நான் கேள்விப்பட்டதில்லை.

அண்ணன் பலாக்காய் வெட்டினால் என் கொடி கிழியும். நான் மிளகு பறிக்க வேண்டுமென்றால் அவர் மரத்தில் ஏணி சாத்த வேண்டும். ஒரு மாசி மாதம் சாத்தினேன். "மரத்துக்கு வலிக்காதாடா?" என்று அண்ணன் கேட்டார். "கொடிக்கு வலிச்சப்ப நீங்க எங்க போயிருந்தீங்க?" என்று நான் கேட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. ஏழெட்டு வருஷமாகிறது. இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனி ஆள், தனி அடுப்பு, கூட ஒரு மாடு.

பேச்சு நின்றது என்றால் அடியோடு நின்றுவிடவில்லை. எங்களுக்கு எதையாவது தெரிவிக்க வேண்டுமென்றால் அண்ணன் தன் மாட்டிடம் சொல்வார். அவருக்கு எதையாவது தெரிவிக்க வேண்டுமென்றால் நான் பலா மரத்திடம் சொல்வேன். "ரோட்டுல கரண்டுக் கம்பி அறுந்து கெடக்குது, அந்தப் பக்கம் போயிராதே" என்று அவர் மாட்டை எச்சரிப்பார். மாடு முளைக்குச்சியில் கட்டிக் கிடக்கும். நான் சுற்று வழியில் போவேன்.

இந்த நிலையில்தான் மேலத் தோட்டத்து வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்து சேர்ந்தார். பருவம் மாறும்போதெல்லாம் முகாம் நடத்துவார். வேன் நிறைய ஆட்கள் வருவார்கள், வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு தழைகளை மோந்து பார்ப்பார்கள், கண்ணை மூடுவார்கள், கிழங்கு தின்றுவிட்டுப் போவார்கள். உலகத்தில் உள்ள எல்லாச் சாதி சனங்களின் மூலிகைச் சடங்குகளும் அந்த அம்மாவுக்கு அத்துப்படி. எனக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை. அதில் ஒன்றை எங்கள் பலா மரத்தில் கட்டாமல் இருந்திருந்தால்.

ஆனி மாதத்தில் ஒரு காலை எழுந்து பார்த்தால் பலா மரத்தில் ஒரு வளையம் தொங்குகிறது. ஆவாரம்பூ, துளசி, பேர் தெரியாத தழை எல்லாம் வைத்துப் பின்னியது. எங்கள் ஊரில் தழையைக் கட்டுவதற்கு ஒரே நாள்தான் உண்டு. அது மார்கழிக் கடைசியில் போகி. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு இறவாரத்தில், மாட்டுக் கொட்டகையில், வயலில், கிணற்றடியில், தன்னுடையது என்று இருக்கிற எல்லாவற்றிலும் செருகுவோம். அதுதான் காப்பு. ஆனியில் யாராவது கட்டினால் அது காப்பு இல்லை, வேறு காரியம். கொடியையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார் அண்ணன் என்று முடிவு செய்தேன். மரத்துக்கே உரிமை கொண்டாடுகிறான் தம்பி என்று அவர் முடிவு செய்தார். பகல் நீண்ட நாளுக்கான சடங்கு என்று ஐரோப்பாவில் யாரோ செய்கிறதை முகாம் அம்மா செய்துவிட்டுப் போயிருந்தார் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

நான் கொடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினேன். மறுநாள் மரத்தில் ஒரு பழைய செருப்பு தொங்கியது. நான் போனை எடுத்து இன்னும் வலுவான தழை எதுவென்று தேட ஆரம்பித்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. உலகத்தில் எந்த நாட்டுக்காரனும் வாசலில் ஒரு தழையைக் கட்டாமல் விடுவதில்லை. பனி பெய்கிற ஊரில் ஊசியிலையைக் கட்டுகிறான், கடற்கரையில் இருக்கிறவன் பூண்டைக் கட்டுகிறான். அத்தனை பேருக்கும் பயம் இருக்கிறது. இதைப் படித்ததும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது, ஆனாலும் சண்டையை விடவில்லை. ரோஸ்மேரி என்கிற செடி துர்சக்தியை விரட்டும் என்று போட்டிருந்தது. முகாமில் தொட்டிதொட்டியாக வைத்திருந்தார்கள். போய்க் கேட்டேன். அந்த அம்மா பூரித்துப்போய் ஒரு கட்டு கொடுத்தார்.

"இப்பதான் அண்ணா இன்னொரு அண்ணா வந்து வாங்கிட்டுப் போனாங்க. இந்த ஊர் மக்களுக்கு எவ்வளவு தேடல்!" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பட்டறையில் அரிவாள் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

இப்படியே ஐப்பசி வந்தது. இறந்தவர்களுக்கு வழி காட்ட மெக்சிகோக்காரர்கள் பூவைத் தூவுவார்களாம். முகாம்காரர்கள் ரோட்டிலிருந்து தங்கள் தோட்டம் வரைக்கும் செண்டுமல்லி இதழைத் தூவிக்கொண்டு வந்தார்கள். காற்று அடித்ததில் பாதை திரும்பி அண்ணன் வாசலில் போய் முடிந்தது. காலையில் அவர் கதவைத் திறந்தால் சுடுகாட்டுத் திசையிலிருந்து தன் வாசற்படி வரைக்கும் பூப்பாதை. "எனக்கே பாடை கட்டப் பாக்கறானுங்களா" என்று மாட்டைப் பார்த்துக் கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, ஏனென்றால் நான் தூவவில்லை.

கார்த்திகையில் என் மனைவிக்கு வயிற்று வலி பொறுக்க முடியாமல் போய் நாமக்கல்லுக்கு அழைத்துக்கொண்டு போனேன். வயிற்றில் கட்டி, எடுத்துத்தான் ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். அவர்களிடம் கிடைத்த முதல் தேதியே போகி அன்றுதான். பஸ் மலை ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் முடிந்த பிறகுதான் அவள் சொன்னாள்.

"ஏனுங்க, நான் வரலீங்க."

"ஏன்?"

"போகிக்கு நாம ஊட்டுல இல்லீன்னா ஆருங்க காப்புக் கட்டுவாங்க?"

காப்புக் கட்டாத வீடு என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான், அந்த வருஷம் அங்கே சாவு விழுந்திருக்கிறது. "ஆஸ்பத்திரிக்குப் போனவ ஊடு மொட்டையா நின்னா ஊர்க்காரங்க என்னங்க நெனைப்பாங்க? நான் உசுரோட மயக்கத்துல கெடக்கறப்பவே எனக்கு எழவு சொல்லணுமா?" என்று கேட்டாள். கட்டியைவிட அவளுக்கு அதுதான் பயம். மகளை வரச் சொல்லலாம் என்றேன். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவள் இப்போது வேறு குலம், அவள் கட்டினால் செல்லாது. பங்காளிதான் கட்ட வேண்டும். எனக்கு உலகத்தில் இருக்கிற ஒரே பங்காளி பலா மரத்துக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கண்ணாரு கட்டறேன்னு சொன்னா வாரேன். இல்லீன்னா இல்லீங்க" என்று படுத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேலா, அண்ணன் மேலா, அந்தக் கட்டி மேலா என்று தெரியவில்லை. அழுகையும் வந்தது.

மார்கழியில், பகல் குறைந்த நாளில், முகாம் அம்மா கடைசி வேலையைக் காட்டினார். ஜப்பான்காரர்கள் அன்றைக்கு எலுமிச்சை மாதிரி ஒரு பழத்தை வெந்நீரில் மிதக்க விட்டுக் குளிப்பார்களாம். இங்கே அந்தப் பழம் கிடைக்காததால் நாரத்தங்காய். வெந்நீர்த் தொட்டி இல்லாததால், கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நினைத்து, அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டி. மாடு வந்து பார்த்தது, நாரத்தங்காய்களைப் பார்த்தது, குடிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. அண்ணன் அரிவாளோடு வெளியே வந்தார். நானும் வெளியே வந்தேன். நடுவில் முகாம் அம்மா கையைக் கூப்பிக்கொண்டு வந்து நின்றார்.

"சாரி அண்ணா, நாங்கதான் போட்டோம். மரத்துல நாங்க அந்த வளையத்தைக் கட்டினதிலிருந்து நீங்க ரெண்டு பேரும் ஒவ்வொரு சடங்குலயும் கலந்துக்கறீங்க. அந்த உரிமையில செஞ்சுட்டோம்."

அண்ணன் அரிவாளைக் கீழே போட்டார். நான் அந்தச் செருப்பைப் பார்த்தேன். ஆறு மாதமாக நாங்கள் செய்த அத்தனை யுத்தமும் ஒன்றுமில்லாமல் போயிற்று. அவர் சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் சண்டை போட்டது வளையத்துக்காக இல்லையே, ஏணிக்காக அல்லவா.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் நான் பலா மரத்துக்கு முன்னால் போய் நின்றேன். அந்தப் பக்கம் அண்ணன் விறகு கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏ மரமே," என்றேன். விறகுச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன். "ஏ மரமே! போகியன்னிக்கு அவளுக்கு வயித்தைக் கிழிக்கறாங்க. ஊட்டுக்குக் காப்புக் கட்ட ஆளில்லை. அதனால அவ வரமாட்டேங்கறா. வரலீன்னா செத்துருவா. கேட்டுதா?"

கொத்துகிற சத்தம் நின்றது. மாட்டிடம்கூட அவர் எதுவும் சொல்லவில்லை. நான் வீட்டுக்குள் வந்தேன். மனைவி பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் ஒண்ணுமே சொல்லலியே" என்றேன்.

"கொத்தற சத்தம் நின்னுச்சுங்கல்ல. கேட்டுட்டாரு. போலாமுங்க."

அவர் தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை.

அடிவாரத்து முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கினோம். போகி அன்று காலையில் அவளை உள்ளே கொண்டு போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த எல்லா நாட்டுச் சாமிக்கும் வேண்டிக்கொண்டேன். போனில் படித்ததற்கு அது ஒன்றுதான் உபயோகப்பட்டது. மயக்கம் தெளிந்து அவள் முதலில் கேட்டது கட்டியைப் பற்றி இல்லை. "கட்டியிருப்பாருங்களா?" என்று கேட்டாள். "கட்டியிருப்பார்" என்றேன். ஆஸ்பத்திரியில் பொங்கலுக்குக் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை அவள் தொடக்கூடாது என்றார்கள். எனக்கும் இறங்கவில்லை. கட்டாமல் விட்டிருந்தால் அவளை எப்படி அந்த வாசலில் இறக்குவது என்பதே யோசனையாக இருந்தது.

ஊர் திரும்பிய அன்று பஸ்ஸிலிருந்து அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, தெரு முனை திரும்பும்வரை நான் தலையை நிமிர்த்தவே இல்லை. அவள்தான் முதலில் பார்த்தாள். "அய்யோ, என்னங்க இது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க என்று என்னையே திட்டினாள்.

இறவாரம் முழுக்கக் காப்பு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. பூளைப்பூ மலையில் அவ்வளவாகக் கிடைக்காது. பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற மனிதர் முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிப் போய் வாங்கி வந்திருக்கிறார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு கொத்திலும் ரோஸ்மேரி செருகியிருந்தது. வாசலில் ஆவாரம்பூ வளையம். நிலைப்படியில் காய்ந்த செண்டுமல்லிச் சரம். நாரத்தங்காயை நூலில் கோத்து ஜன்னலுக்கு ஜன்னல் தொங்கவிட்டிருந்தார். குழாயில் ஒரு கொத்து, துணிக் கொடியில் ஒரு கொத்து, அவள் வாசலில் விட்டுப்போன ரப்பர் செருப்பில் காலுக்கு ஒன்றாக இரண்டு கொத்து. முகாமுக்குப் போய் அந்த அம்மாவிடம் இருந்ததையெல்லாம் வாங்கி வந்திருக்க வேண்டும். எது வேலை செய்யும் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அண்ணன் பலா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரே ஒரு காப்புக் கொத்து, வாடிப்போயிருந்தது. அன்றைக்குக் கட்டினதில் மிச்சம். மாடு பக்கத்தில் இல்லை.

"வா கண்ணு," என்றார் அவளிடம். "வலிக்குதா?"

"இல்லீங்க மாமா," என்றாள் அவள். வலித்தது.

பிறகு என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்துப் பேசிப் பேசி எனக்கு அவர் முகமே மறந்துபோயிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

"மரத்துக்கு மட்டும் இன்னும் கட்டலை," என்றார். "கொடி உன்னுதாச்சே, எப்படித் தொடறது. எட்டவும் இல்லை. போய் ஏணியை எடுத்துட்டு வாடா."

நான் உள்ளே போய் ஏணியை எடுத்தேன். அதன் தலையில் ஒரு பழைய சாக்கைச் சுற்றிக் கட்டினேன், மரத்துக்கு வலிக்கக் கூடாது.