கூப்பிட்டால் திரும்பாதவள்

தர்மகர்த்தாவே, உயிரோடு இருந்த பெண்டாட்டிக்குக் கருமாதி செய்தவர் நீர். இதை எழுதும் நான் அன்று உம் வாசலில் நின்ற ஜீப்பின் டிரைவர். எனக்கு நயமாக எழுத வராது.

ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் ஒரு பெருநோய், அதாவது குஷ்டரோக, ஆஸ்பத்திரியில் வண்டி ஓட்டினேன். நோய் குணமானவர்களை வீட்டாரிடம் பேசிச் சேர்த்து வைப்பது விசிட்டரம்மாவின் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். தண்ணீர் கொடுப்பவர்கள் பேசவும் இடம் கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு.

பாகலூர் தாண்டி உம் ஊருக்கு வந்தபோது உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. நோய் குணமாகி எங்களோடு வந்த உம் மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். கைவிரல் இரண்டு மடங்கியிருந்ததைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. விசிட்டரம்மா தண்ணீர் கேட்டார். நீர் இரண்டு சொம்பு கொண்டு வந்தீர்.

"இவங்களுக்கும் குடுங்க."

"எவங்களுக்கும்மா? நீங்களும் டிரைவரும்தானே வந்தீங்க?"

"உங்க சம்சாரம். பக்கத்துலதான நிக்கிறாங்க."

நீர் அவள் நின்ற இடத்தைப் பார்த்தீர். அவளைத் துளைத்துக்கொண்டு பின்னால் இருந்த வேப்பமரத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. "வெயில்ல வந்தீங்க இல்ல, கண்ணு அப்பிடித்தான் காட்டும். உள்ள வந்து மோர் குடிங்க" என்று சிரித்தீர். ஜீப் சத்தம் கேட்டு வந்து கூடிய ஊராரும் சிரித்தார்கள். கருமாதி முடிந்தவரின் குரலுக்குப் பதில் சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று பயந்த ஊர் அது. அவள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கதவிடுக்கில் நின்ற குழந்தை, "அம்மா" என்று வாயெடுத்தது. ஒரு கை அதன் வாயைப் பொத்தி உள்ளே இழுத்தது.

திரும்பும் வழியில் விசிட்டரம்மா அவளைக் கூப்பிட்டார். கண்ணாடியில் பார்த்தேன், இமைகூட அசையவில்லை. அன்றிலிருந்து பெயர் சொன்னால் அவள் திரும்புவதில்லை. களியைக் கையில் கொடுத்தால் தொடமாட்டாள். படையல் வைப்பதுபோல் இலையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால்தான் இலை காலியாகும். வார்டில் மற்றவர்கள் அவள் கட்டிலைச் சுற்றி வளைத்து நடக்கத் தொடங்கினார்கள். சொல்ல வெட்கமில்லை, நானும்தான்.

விசிட்டரம்மா மட்டும் தினமும் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சந்தை, மழை, ராகி விளைச்சல் என்று சுவரிடம் பேசுவார். எனக்கு அதைப் பார்க்கவே உடம்பு சிலிர்க்கும். "என்னம்மா இது, பேயோட பேசற மாதிரி?" என்றேன். "அவளை அப்படி ஆக்கினவங்க ஊர்ல இருக்காங்க. இங்க இருக்கிறவ மனுஷி" என்றார்.

பல மாதம் கழித்து ஒருநாள் அவர் முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. "கொழந்த வாயெடுத்தாளே, பாத்தீங்களாம்மா?"

அவள் பேசியது அவ்வளவுதான். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளைப் புதைத்த இடத்தில் விசிட்டரம்மாவும் நானும் மட்டும் நின்றோம்.

உம் மகள் போன வாரம் என்னைத் தேடி வந்தாள். அன்று வாசலில் நின்றது பேய் என்று சொல்லித்தான் அவளை வளர்த்தீராம். "நெசமாவே எங்கம்மாவா, அண்ணே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் வாய்ச்சொல் அவளுக்குப் போதவில்லை.

திருவிழாவுக்கு ஊர் கூடும்போது கோயில் முன்னால் நின்று நீர் சொல்லும். அன்று உம் வாசலில் நின்றது யார்? அந்தக் குழந்தையின் வாயைப் பொத்தியது யார் கை?